பவுடர் தானா பத்திக்கிற டெம்பரேச்சர்: ஏன் ஒரே நம்பர்ல சொல்ல முடியாது

கெமிக்கல் பவுடர்களுக்கு சேஃப்டி டெஸ்ட் பண்ற லேப்ல தான் நான் வேலை பாக்குறேன். மருந்து கம்பெனி இன்டர்மீடியட், சாயப் பவுடர், பூச்சி மருந்து, பால் பவுடர், கரித்தூள்னு எது வந்தாலும் கூடவே வர்ற கேள்வி பெரும்பாலும் ஒண்ணு தான், "சார் இது எத்தனை டிகிரில தானா பத்திக்கும்னு ஒரு நம்பர் மட்டும் குடுத்துடுங்க, ட்ரையர் செட் பண்ணனும்". கேக்குறவங்கள குறை சொல்ல முடியாது, எம்.எஸ்.டி.எஸ்னு கெமிக்கலோட பாதுகாப்பு விவரம் எழுதி வர்ற பேப்பர்ல அதுக்குன்னு ஒரே ஒரு கட்டம் தான் இருக்கு, அதுல ஒரு நம்பர் தான் எழுத முடியும். ஆனா அந்த கட்டத்துல இருக்குற நம்பர நம்பி ட்ரையரையும் சைலோவையும் (பவுடர கொட்டி வைக்கிற பெரிய தொட்டி) ஓட்டுறது எவ்ளோ ஆபத்துன்னு ஒரு தடவையாவது முழுசா எழுதிடணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

உருகுநிலைன்னு ஒண்ணு இருக்கு, அது அந்தப் பொருளோட குணம். ஒரு சிட்டிகை எடுத்தாலும் ஒரு டன் எடுத்தாலும் அதே டெம்பரேச்சர்ல தான் உருகும். தானா பத்திக்கிறது அப்படி இல்ல. காத்துல இருக்குற ஆக்சிஜனோட பவுடர் மெதுமெதுவா ரியாக்ட் ஆகுது, அதுல கொஞ்சம் சூடு உண்டாகுது, சாதாரண டெம்பரேச்சர்ல கூட இது நடந்துட்டே தான் இருக்கும், ரொம்ப ரொம்ப மெதுவா. அந்த சூடு வெளிய போயிடுச்சுன்னா ஒண்ணும் ஆகாது. போக வழி இல்லாம உள்ளயே தங்கிட்டா டெம்பரேச்சர் ஏறும், ஏறினா ரியாக்‌ஷன் இன்னும் வேகமாகும், பத்து டிகிரி ஏறினா வேகம் ரெண்டு மடங்கு ஆகும்னு காலேஜ்ல சொல்லிக் குடுப்பாங்கல்ல அதே கணக்கு தான், வேகமானா இன்னும் சூடு, இன்னும் சூடானா இன்னும் வேகம், கடைசில கங்கு. அப்போ பத்திக்குமா பத்திக்காதாங்கிறத முடிவு பண்றது உள்ள உண்டாகுற சூடும் வெளிய போற சூடும் சேர்ந்து தான். கல்யாண வீட்டு அண்டால இருக்குற சோறு மதியம் தாண்டியும் நடுவுல கை வைக்க முடியாம கொதிக்கும், அதுலேர்ந்தே அள்ளி இலைல போட்ட சோறு சாம்பார் வர்றதுக்குள்ள ஆறிடும். சோறு ஒண்ணு தான், குவியலோட அளவு தான் வேற. பவுடருக்கும் இது தான் விஷயம்.

இத நம்பரா பாத்தா தான் உறைக்கும். ஆபத்தான சரக்க ஏத்தி அனுப்புறதுக்கு ஐ.நா.வோட டெஸ்ட் மேனுவல்னு ஒண்ணு இருக்கு, அதுல என்.4னு ஒரு டெஸ்ட். 10 செ.மீ பக்கம் உள்ள வலைக்கூடைல, அதாவது சரியா 1 லிட்டர், பவுடர நிரப்பி 140 டிகிரி ஓவன்ல 24 மணி நேரம் தொங்க விடணும். ஏன் 140? அத மரக்கரிய வெச்சு முடிவு பண்ணாங்க. 1 லிட்டர் கரி 140 டிகிரில தானா பத்திக்கும், அதே கரி 27 கன மீட்டர் குவியலா இருந்தா 50 டிகிரியே போதும். திரும்பவும் படிங்க, ஒரே கரி, ஒரு இடத்துல 140, இன்னொரு இடத்துல 50. இதுல எத அந்த கட்டத்துல எழுதுறது? 1 லிட்டர் கூடைக்கு சுத்தி 600 சதுர செ.மீ பரப்பு இருக்கு சூடு வெளிய போக. 3 மீட்டர் பக்கம் உள்ள 27 கன மீட்டர் குவியல்ல ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கிறது வெறும் 20 சதுர செ.மீ. முப்பதுல ஒரு பங்கு. அந்த 90 டிகிரி வித்தியாசம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்போ புரியும். நம்ம ஊர் வெயில்ல நிக்கிற மூடின கன்டெய்னருக்குள்ள 50 டிகிரிங்கிறது அதிசயமான டெம்பரேச்சரும் இல்ல.

சரி டெஸ்ட் எப்படி பண்றோம்னு சொல்றேன். கூடை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, கண்ணு 0.05 மி.மீ தான், வெளிச்சத்துல பிடிச்சு பாத்தா துணி மாதிரி தெரியும். காத்து உள்ள போகணும், பவுடர் வெளிய கொட்டக் கூடாது, அதுக்கு தான் அவ்ளோ நைசா. பவுடர விளிம்பு வரைக்கும் போட்டு லேசா தட்டணும், தட்டினா இறங்கும், இறங்கினா மேல போடணும், குவிஞ்சு இருந்தா ஸ்கேல் வெச்சு வழிச்சு விடணும். இது சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனா கூடைக்குள்ள எத்தனை கிராம் போச்சுங்கிறது முக்கியம், லூசா இருந்தா காத்து அதிகம், இறுக்கமா இருந்தா எரியுற சரக்கு அதிகம், சூடு கடத்துறதும் மாறும். அதனால கூடையோட எடைய முன்னாடியே எடுத்து வெச்சு, நிரப்பின பிறகு திரும்ப எடை போட்டு அடர்த்தி என்னன்னு எழுதிடுவோம். டெம்பரேச்சர் அளக்குற கம்பி, அதாவது தெர்மோகப்பிள், ஒண்ணு சரியா நடுவுல, இன்னொண்ணு கூடைக்கும் ஓவன் சுவத்துக்கும் நடுவுல. ஓவன் ஃபேன் காத்து நேரா கூடை மேல அடிக்கக் கூடாதுன்னு அத சுத்தி இன்னொரு வலைக் கூண்டு. இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி சில மில்லிகிராம் எடுத்து டி.எஸ்.சி.ல, அதாவது சாம்பிள சூடாக்கிட்டே அதுலேர்ந்து சூடு கிளம்புதான்னு அளக்குற கருவில, போட்டு பாத்துடுவோம், ஒரு சிட்டிகை எடுத்து டைல் மேல வெச்சு எரிச்சும் பாப்போம், ஏன்னா உள்ள என்ன சக்தி இருக்குன்னு தெரியாத பவுடர எடுத்த எடுப்புல ஒரு லிட்டர் ஓவன்ல போடுறது மடத்தனம், வெடிக்கிற குணம் இருந்தா ஓவன் கதவு நம்ம மேல வரும்.

அப்புறம் காத்திருக்கணும். இந்த வேலையோட பெரும்பகுதி காத்திருக்கிறது தான், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதியும் அது தான். டெம்பரேச்சர பதிவு பண்ற லாகர் ஸ்கிரீன்ல ரெண்டு கோடு ஓடும், ஓவன் கோடு ரூலர் வெச்ச மாதிரி நேரா, நடு கோடு கீழேர்ந்து மெதுவா ஏறிட்டே வரும். பவுடர் சூட லேசுல கடத்தாது, அதனால நடுப்பகுதி ஓவன் டெம்பரேச்சர தொடவே பல மணி நேரம் ஆகும். ஈரம் இருந்தா 100 டிகிரி பக்கத்துல வந்து கோடு அப்படியே படுத்துக்கும், தண்ணி ஆவியாகி முடிக்கிற வரைக்கும் நகராது. அது முடிஞ்சு திரும்ப ஏறி ஓவன் கோட்ட தொடும். அதுக்கு அப்புறம் நடக்குறது தான் டெஸ்ட். சில பவுடர் ஓவன் கோட்டுலயே ஒட்டிக்கிட்டு போகும். சிலது ஓவன தாண்டி இருபது முப்பது டிகிரி மேல போய், கொஞ்ச நேரம் அங்கயே யோசிச்சு நின்னு, திரும்ப இறங்கிடும், சூடு உண்டாச்சு ஆனா வெளிய போறது ஜெயிச்சுடுச்சுன்னு அர்த்தம். சிலது தாண்டி மேல போகும், லேசா வேகம் குறையுற மாதிரி ஒரு வளைவு காட்டும், அப்புறம் செங்குத்தா மேல கிளம்பும், 200, 300, 400னு நிமிஷத்துல போயிடும். என்.4 கணக்குல ஓவன விட 60 டிகிரி தாண்டிட்டாலே, அதாவது 200 தொட்டாலே, பாசிட்டிவ். அந்த நேரத்துல ஓவன் கதவ திறக்கவே கூடாது, உள்ள ஆக்சிஜன் பத்தாம பொசுங்கிட்டு இருக்குறதுக்கு புதுக் காத்து கிடைச்சா ஜ்வாலையா எழும்பும், கார்பன் மோனாக்சைடும் நிறைய இருக்கும். ஹீட்டர ஆஃப் பண்ணி நைட்ரஜன விட்டு, எக்ஸாஸ்ட ஓட விட்டு, கோடு நல்லா கீழ வந்த பிறகு தான் கைய வைப்போம்.

ஆறின கட்டிய வெட்டி பாக்குறது ஒரு பாடம். பால் பவுடர் கூடைய சொல்றேன். பத்திக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்தி எடுத்தா வெளிப்பக்கம் பிஸ்கட் நிறத்துல கெட்டியா இருக்கும், பாக்குறவங்க ஒண்ணும் ஆகலன்னு தான் நினைப்பாங்க. கத்தி வெச்சு ரெண்டா பிளந்தா ஓரத்துலேர்ந்து உள்ள போகப்போக வெளிர் பழுப்பு, அடர் பழுப்பு, காப்பிக்கொட்டை நிறம், நடுவுல கன்னங்கரேல்னு ஒரு உருண்டை, அதுக்குள்ள சின்னதா ஒரு குழி. கருகின வாசனை அப்போ தான் முகத்துல அடிக்கும். ட்ரையர் சுவத்துல ஒட்டியிருக்குற கட்டியும் இதே மாதிரி தான் வெளிய சாதுவா தெரியும். அதுல ஒரு கங்கு கட்டி உதிர்ந்து தூசு பறக்குற இடத்துல விழுந்தா அடுத்தது தூசு வெடிப்பு. ஸ்ப்ரே ட்ரையர்ல இந்த வரிசை உலகம் முழுக்க தெரிஞ்ச கதை, அதனால தான் நல்ல பிளான்ட்ல வெளிய வர்ற காத்துல கார்பன் மோனாக்சைடு ஏறுதான்னு மீட்டர் வெச்சு பாத்துட்டே இருக்காங்க.

ஒரு கூடை ஒரு டெம்பரேச்சர்னு பண்றது சரக்கு எந்த வகுப்புல வரும்னு பிரிக்க போதும். ஒரு குறிப்பிட்ட சைலோ பத்திக்குமான்னு தெரியணும்னா அது போதாது. அதுக்கு ஐரோப்பாவோட இ.என். 15188 முறைல சின்னது பெருசுன்னு பல அளவு கூடை எடுத்து, ஒவ்வொரு அளவுக்கும் ஓவன் டெம்பரேச்சர மாத்தி மாத்தி, எதுல பத்திக்கல எதுல பத்திக்கிச்சுன்னு நெருக்கி நெருக்கி கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு தடவையும் புது சாம்பிள், புது காத்திருப்பு. கடைசில ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எல்லை டெம்பரேச்சர் கிடைக்கும், கூடை பெருசாக பெருசாக டெம்பரேச்சர் கீழ வரும். கொள்ளளவ பரப்பால வகுத்து அதோட லாக் ஒரு பக்கம், கெல்வின்ல டெம்பரேச்சரோட தலைகீழ் இன்னொரு பக்கம்னு கிராஃப் போட்டா புள்ளிகள் ஒரே நேர்கோட்டுல வந்து உக்காரும். அந்த கோட்ட அப்படியே நீட்டி நம்ம சைலோ அளவு வர்ற இடத்துல டெம்பரேச்சர படிக்கலாம். இதுக்கு அடித்தளம் போட்டது சோவியத் விஞ்ஞானிகள், 1920கள் கடைசில செமனோவ், அப்புறம் 1930கள் கடைசில ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி. உள்ள உண்டாகுற சூட்ட வெளிய போற சூட்டோட ஒப்பிடுற ஒரு எண் இருக்கு, குவியலோட வடிவத்த பொறுத்து அதுக்கு ஒரு எல்லை வரும், தட்டையான அடுக்குக்கு 0.88, நீள உருளைக்கு 2, உருண்டைக்கு 3.32, கனசதுரத்துக்கு 2.52, அந்த எல்லைய தாண்டினா நிக்காது. காகிதத்துல போட்ட அந்தக் கணக்கு இன்னைக்கு நம்ம ஓவன்ல நேர்கோடா வந்து நிக்கிறத பாக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

டெம்பரேச்சர பத்தி எல்லாரும் கேப்பாங்க, நேரத்த பத்தி கேக்குறவங்க ரொம்ப கம்மி. பத்திக்கிறதுக்கு ஆகுற நேரமும் அளவோட மாறும், தோராயமா அளவோட வர்க்கத்துல ஏறும். 10 செ.மீ கூடை எல்லை டெம்பரேச்சர்ல 6 மணி நேரத்துல கிளம்புதுன்னு வெச்சுக்கோங்க, 3 மீட்டர் குவியல் முப்பது மடங்கு பெருசு, நேரம் தொள்ளாயிரம் மடங்கு, கணக்கு போட்டா 5400 மணி நேரம், 225 நாள், ஏழு மாசத்துக்கு மேல. அதனால "இந்த குடோன்ல ஆறு மாசமா கிடக்கு சார், ஒண்ணும் ஆகல"ங்கிறது ஒரு ஆதாரமே இல்ல, அது பாதி வழி வந்திருக்கலாம். இன்னொரு பக்கம், ட்ரையர்லேர்ந்து சூடா எடுத்து அப்படியே ஜம்போ பேக்ல கட்டிட்டா அந்த காத்திருப்பு நேரத்துல பெரும்பங்க நாமளே கழிச்சுக் குடுத்துடுறோம், ஏன்னா நடுப்பகுதி ஏற்கனவே சூடா தான் உள்ள போகுது, அதுக்கு ஆற வழியும் இல்ல. பேக் பண்றதுக்கு முன்னாடி ஆற வைக்க ஒரு கூலர் போடுங்கன்னு நாங்க எழுதுறது அதனால தான், அது வெறும் சம்பிரதாய வரி இல்ல.

இப்போ அந்த எம்.எஸ்.டி.எஸ் கட்டத்துக்கு வரேன். அதுல 400, 420 மாதிரி ஒரு நம்பர் போட்டிருந்தா அது என்ன டெஸ்ட்லேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல பாருங்க. தூசு மேகத்துக்கு செங்குத்தா நிக்கிற ஒரு குழாய் உலை இருக்கு, மேலேர்ந்து பவுடர காத்தோட ஊதி விட்டு அடில தீ தெரியுதான்னு பாக்குறது. அங்க துகள் ஒரு நொடி கூட உலைக்குள்ள இருக்காது, அதனால நம்பர் ரொம்ப பெருசா வரும். சூடான தட்டுல 5 மி.மீ கனத்துக்கு பவுடர பரப்பி பண்றது இன்னொண்ணு, அதுல கங்கு தெரிஞ்சாலோ, பவுடர் 450 டிகிரி தொட்டாலோ, தட்ட விட 250 டிகிரி மேல போனாலோ பத்திக்கிச்சுன்னு கணக்கு. இந்த ரெண்டும் மோட்டார், லைட் மாதிரி எலெக்ட்ரிக்கல் சாமானோட மேற்பரப்பு எவ்ளோ சூடாகலாம்னு முடிவு பண்றதுக்கு. மேகத்தோட நம்பர்ல மூணுல ரெண்டு பங்கு, அடுக்கோட நம்பர்லேர்ந்து 75 டிகிரி குறைச்சு, ரெண்டுல எது கம்மியோ அது தான் எல்லை. அந்த 5 மி.மீ அடுக்கு கனமானா நம்பர் கீழ இறங்கும், அதையும் மறந்துடக் கூடாது. ஐரோப்பாவோட ஏ.16 முறை இன்னொண்ணு, 2 செ.மீ கூடை, அதாவது 8 கன செ.மீ, ஓவன நிமிஷத்துக்கு அரை டிகிரி வீதம் ஏத்திக்கிட்டே போய், சாம்பிள் 400 தொடும்போது ஓவன் எங்க இருந்துச்சோ அது தான் ரிசல்ட். ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன் பவுடர், அதுவும் டெம்பரேச்சர் ஓடிட்டே இருக்கும்போது. பவுடர்கள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட அது நல்ல டெஸ்ட். ஆனா அந்த நம்பர பாத்துட்டு "பத்திக்கிறது 250ல, நாம ஓட்டுறது 150ல, நூறு டிகிரி இடைவெளி இருக்கு"ன்னு ஒரு டன் கொள்ற ட்ரையர ஓட்டிக்கிட்டு நிம்மதியா இருக்குறவங்கள பாக்கும்போது வயிறு கலங்கும்.

டி.எஸ்.சி. ரிப்போர்ட்ட காட்டி "200 வரைக்கும் எதுவும் தெரியல"ன்னு சொல்றதும் அதே ரகம். டி.எஸ்.சி.ல மூடின சின்ன கிண்ணத்துல சில மில்லிகிராம் தான் போகும், உள்ள காத்தே கிட்டத்தட்ட கிடையாது. பொருள் தானா சிதையுறது அதுல தெரியும், ஆக்சிஜனோட ரியாக்ட் ஆகுறது தெரியாது. வலைக்கூடைய வலைல பண்ணியிருக்குறதே காத்து போகணும்னு தான். காத்தே இல்லாம சிதையுற வகைக்கு மூடின டிவார் குடுவை (சூடு வெளிய போகாத ஃபிளாஸ்க்) மாதிரி வேற டெஸ்ட் வரிசையே இருக்கு.

திருப்பூர் ஈரோடு பக்கம் சாயப்பட்டறைல வேலை பாத்தவங்களுக்கு ஹைட்ரோஸ் தெரியாம இருக்காது, சோடியம் டைதயோனைட். ஆபத்தான சரக்குக்கு ஐ.நா. குடுக்குற நம்பர்ல யூ.என். 1384, தானா சூடாகுற 4.2 வகுப்பு. இது கூடுதல் கண்டிஷனான ஆளு, கொஞ்சம் ஈரம் பட்டாலே உள்ள சூடு கிளம்பும், டிரம்ம திறந்தா மூக்க அரிக்கிற கந்தக நெடி வரும். நிறைய தண்ணி ஊத்தி முழுக்க கரைச்சுட்டா சூட தண்ணி வாங்கிக்கும், கொஞ்சூண்டு தண்ணி தான் எமன். 1995 ஏப்ரல் 21ல அமெரிக்கால நியூ ஜெர்சியோட லோடைங்கிற ஊர்ல நாப் டெக்னாலஜீஸ் பிளான்ட்ல இதையும் அலுமினியம் பவுடரையும் இன்னும் சிலதையும் பிளெண்டர்ல கலக்குனாங்க. உள்ள தண்ணி போய் சூடும் நாத்தமும் கிளம்புச்சு, ஆட்கள் பிளெண்டர காலி பண்ண போனப்போ வெடிச்சுடுச்சு, 5 பேர் செத்துப் போனாங்க. பவுடர் சூடாக ஆரம்பிச்சப்புறம் அது பக்கத்துல ஆள அனுப்பக் கூடாதுங்கிறத அந்த அஞ்சு பேர நினைச்சு தான் நான் புதுசா வர்றவங்களுக்கு சொல்லித் தரேன். பட்டறைல மூடி சரியா போடாத ஹைட்ரோஸ் டிரம், அதுல ஈரக் கரண்டிய விடுறது, இதெல்லாம் இன்னைக்கும் நடக்குது. ஈரக்கை வைக்காதீங்க, காஞ்ச கரண்டி தனியா வெச்சுக்கோங்க.

கெமிக்கல் மட்டும் தான்னு நினைக்க வேணாம். நெய்வேலி லிக்னைட் குவியல வெட்டவெளில ரொம்ப நாள் போட்டு வெச்சா தானா புகைய ஆரம்பிக்கும், அதனால அமுக்கி இறுக்கி தண்ணி அடிச்சு பாத்துப்பாங்க. கொப்பரை யூ.என். 1363, எண்ணெய் இருக்குற புண்ணாக்கு யூ.என். 1386, ரெண்டும் கப்பல் கணக்குல அதே 4.2 வகுப்பு தான். எண்ணெய், ஈரம், பெரிய குவியல் மூணும் சேந்தா போதும்.

கடைசியா சாம்பிள் அனுப்புறவங்களுக்கு ஒண்ணு. லேப் ஷெல்ஃப்ல இருக்குற சுத்தமான, ஒரே சைஸ் துகளா இருக்குற புது பேட்ச அனுப்பாதீங்க. பிளான்ட்ல இருக்குறது அது இல்ல. காத்துலேர்ந்து தூச பிரிக்கிற சைக்ளோன்ல சேருற நைசான தூள் தனியா அனுப்புங்க, துகள் சின்னதானா பரப்பு அதிகம், சீக்கிரம் சூடாகும். எந்த ஈரத்தோட பேக் பண்றீங்களோ அதே ஈரத்தோட, மூடி இறுக்கி அனுப்புங்க. முக்கியமா ட்ரையர் மூலைல, டக்ட் வளைவுல, பில்டர் பேக் அடில மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டு நிறம் மாறிப் போயிருக்குற கட்டி இருக்குல்ல, சுத்தம் பண்ணும்போது அத குப்பைல போடாம ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி, ட்ரையர் எந்த டெம்பரேச்சர்ல ஓடுச்சு, கட்டி எவ்ளோ கனம் இருந்துச்சுன்னு ஒரு சீட்டும் வெச்சு அனுப்புங்க. பல தடவ புது பவுடர் நல்லபடியா பாஸ் ஆகுற டெம்பரேச்சர்ல அந்த பழைய கட்டி பத்திக்கும், உங்க ட்ரையருக்குள்ள இருக்குறது அது தான்.